டெரிலின் சட்டையும் ரப்பர் செருப்பும்

தாளிக்கும்போது கடுகு வெடிக்குமே, அதைவிடச் சின்னச் சத்தம் அது. டெரிலின் சட்டையைத் தலைவழியாக உருவும்போது காதுக்குப் பக்கத்தில் "சடசட" என்று பொரியும், கையிலுள்ள பூனைமுடியெல்லாம் எழுந்து நிற்கும். இருட்டு வீடாக இருந்து, கண்ணையும் மூடாமல் இருந்தால், சட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் நீலமாய் ஒரு வெளிச்சம் பொடிப்பொடியாக ஓடி அணைவதைப் பார்க்கலாம். எங்கள் வீடு அந்த வருஷம் இருட்டு வீடாகத்தான் இருந்தது. அதனால் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சங்கரன்கோவிலின் காற்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. தென்காசிப் பக்கம் சாரல் விழும் மாதங்களில் எங்கள் ஊருக்கு வெறும் காற்று மட்டும்தான் வந்து சேரும். மலையைத் தாண்டும்போதே ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, புழுதியை அள்ளிக்கொண்டு வரும். தென்காசியிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் நனைந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஸ்டேஷனில் இறங்குவார்கள். தெருமுனைக்கு வருவதற்குள் அந்தத் துண்டு அப்பளம் மாதிரி மொரமொரவென்று ஆகியிருக்கும். அந்தக் காற்றில் உதடு வெடிக்கும், கதவுப் பலகை சுருங்கி இடைவெளி விடும், தறியில் ஓடுகிற நூல் அறுந்து அறுந்து போகும்.

நூல் அறுந்தால் நெசவுக்காரருக்கு வேலை ஓடாது. அதற்காகத் தறிக்கூடத்தில் தரையை நனைத்து வைப்பார்கள். ஒரு வாளியில் தண்ணீரை வைத்துக்கொண்டு, வாசல் தெளிப்பதுபோல், தறிகளுக்கு நடுவில் தெளித்துக்கொண்டே போவார்கள். தரையில் ஈரம் இருந்தால் கூடத்துக்குள் காற்றும் குளிர்ந்து நூல் வளைந்து கொடுக்கும். எங்கள் தெருவில் கைத்தறி போய்க் "கரண்டுத்தறி" வந்த புதிது அது. மோட்டார் வந்த பிறகும் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அப்பா அந்தக் கூடத்தில்தான் வேலை பார்த்தார். எல்லாரையும்போல அவரும் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். தறி சோறு போடுகிற இடம், அங்கே செருப்புக் காலோடு யாரும் நிற்க மாட்டார்கள்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றுபோனது. அப்பா ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அதன் மேல் கை வைத்தார்.

நான் ஓடிப் போனபோது அவரை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். கூடத்துக்கு முன்னால் கட்டட வேலைக்காகக் குவித்திருந்த மணலில் அவரைப் படுக்கவைத்து, கழுத்துவரை மணலை மேலே அள்ளிப் போட்டுத் தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். கரண்டு அடித்த ஆளை மண்ணில் போட்டால், உடம்பில் ஏறியதை மண் இழுத்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்துக் கைவைத்தியம். அது தப்பு, அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும் என்று இன்றைக்குச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்கு அதைச் செய்தவர்கள் எல்லாரும் அப்பாவோடு ஒரே டம்ளரில் டீ குடித்தவர்கள். மணலுக்கு வெளியே அவர் முகம் மட்டும் தெரிந்தது, தலை வாரியது கலையாமல் இருந்தது. "எறங்குது, எறங்குது" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வாடகைக் கார் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், போன வேகத்திலேயே உடலோடு திரும்பிவந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பேச்சு நடந்தது. ஒன்று தெருவின் பேச்சு. மணலில் போட்டது பிந்திவிட்டது, அடித்தது முழுசாக இறங்கவில்லை, பாதியில் நிற்கிறது என்றார்கள். இன்னொன்று ஒயர்மேன் ஞானமுத்துவின் பேச்சு. அவர் வேதக்காரர், கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கூடத்துக்கு ஒயர் இழுத்ததும் அவர்தான். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சொன்னார்:

"காலுல ஒரு ரப்பர் செருப்பு மட்டும் கெடந்திருந்தா, ஆளு இந்நேரம் டீக்கடையில நின்னுருப்பாரு."

அம்மா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அன்று எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். அவள் காதில் விழுந்தது இந்த ஒரு சொல்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவள் முதல்முதலாக வெளியே போனது கடைத்தெருவுக்கு. எனக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்தாள், வளருகிற பிள்ளைக்கு என்று ஓரளவு பெரிதாகவே. எங்கள் தெருவில் அப்போது எந்தப் பிள்ளைக்கும் செருப்பு கிடையாது. எழுந்ததிலிருந்து படுக்கிறவரை அதைக் கழற்றக் கூடாது என்றாள். சாப்பிடும்போதும், வீட்டுக்குள் நடக்கும்போதும், ஒன்றுக்குப் போகும்போதும் காலில் அது கிடக்க வேண்டும். சாமி படத்துக்கு முன்னால் கும்பிடும்போது மட்டும் என்ன செய்வது என்று கேட்டேன். "போட்டுக்கிட்டே கும்பிடு, சாமி ஒண்ணும் சொல்லாது" என்றாள். தனக்கென்று அவள் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு ஞானமுத்துவைக் கூப்பிட்டு, வீட்டில் இருந்த ஒற்றை பல்புக்கான ஃப்யூஸையும் பிடுங்கச் சொல்லிவிட்டாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் பிடுங்கிய ஃப்யூஸைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துவிட்டுப் போனார். அன்று முதல் எங்கள் வீட்டில் சிம்னி விளக்குதான். தெருவெல்லாம் வெளிச்சமாக இருக்க, எங்கள் வீடு மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி இருட்டாய்க் கிடக்கும்.

அப்பாவிடம் ஒரு டெரிலின் சட்டை இருந்தது. மதுரைக்குப் போன இடத்தில் வாங்கியது, இளம்பச்சை நிறம், துவைத்து உதறினால் காய்ந்துவிடும், இஸ்திரிப் பெட்டி போட வேண்டாம். சினிமாவுக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் மட்டும் அதைப் போடுவார். அந்தச் சட்டையை அம்மா தையல்காரரிடம் கொடுத்து எனக்கு அளவாக வெட்டித் தைத்து வாங்கினாள். போனவர் சட்டையைப் பிள்ளைக்குப் போடலாமா என்று இரண்டொருவர் கேட்டும் பார்த்தார்கள். வெட்டின பிறகும் அது எனக்குத் தொளதொளவென்றுதான் இருந்தது. இப்படித்தான் நான் ஒரு பெரிய சட்டையையும் பெரிய செருப்பையும் போட்டுக்கொண்டு, செருப்பு கழன்றுவிடாமல் காலைத் தரையோடு தரையாகத் தேய்த்துத் தேய்த்து, அந்தக் காற்றுக்காலத்துக்குள் நடந்துபோனேன்.

முதலில் மாட்டிக்கொண்டது பக்கத்து வீட்டுப் பேச்சி அத்தை. தெருக்குழாயில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்க ஒரு கை கொடுக்கச் சொன்னார். நான் ஓடிப் போய்க் கையை நீட்டினேன். என் விரல் அவர் விரலைத் தொட்ட இடத்தில் "டக்" என்று ஒன்று சுண்டியது. எனக்கும் சுண்டியது, ஆனால் குடத்தைப் போட்டது அவர்தான்.

"ஏலே, கையில என்னலே வச்சிருக்க?"

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். நசுங்கின குடத்தை அங்கேயே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குப் போய், "மதினி, அண்ணனுக்கு அடிச்சது முழுசா எறங்கலை. சட்டையில நின்னு, இப்பம் பயலுக்கு ஏறியிருக்கு" என்று சொன்னார். பேச்சி அத்தை கெட்டவர் இல்லை. அப்பா போனபிறகு எங்களுக்கு முதல் பானைச் சோறு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. அவர் பயந்தது எனக்காகவும்தான்.

சாயந்தரத்துக்குள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. எனக்குக் "கரண்டு" என்று பெயர் வந்தது. நான் வருவது தெரிந்தால் "மெயின் வருது, விலகுலே" என்பார்கள். என் கூட்டாளி கோமதிநாயகம், ஒரே மாங்காயை என்னோடு மாறி மாறிக் கடித்தவன், அவன் சொன்னதுதான் எல்லாவற்றிலும் நல்ல கேலி: "ஏலே கரண்டு, எங்க வீட்டு பல்பைக் கொஞ்சம் வாயில வையிலே. எங்க அம்மைக்குக் கரண்டு பில்லு மிச்சம்." நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஓடிப்பிடித்து விளையாடும்போது யாரும் என்னைத் தொட மாட்டார்கள். துரத்திக்கொண்டு வருவார்கள், எட்டுகிற தூரத்துக்கு வந்ததும் கையை மடக்கிக்கொண்டு நின்றுவிடுவார்கள். அந்த ஆட்டத்தில் நான் ஒருதடவைகூட அவுட் ஆனதில்லை. கொஞ்சநாள் அது பெருமையாக இருந்தது. பிறகு ஒருநாள், எல்லாரும் பிடிபட்டு வரிசையாகச் சுவரோரம் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் துரத்த யாரும் மிச்சம் இல்லை, ஆட்டம் முடிந்ததென்று சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்திலும் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டே உட்கார்ந்தார்கள். மூன்றாம் வகுப்பின் பாதியோடு நானாகவே நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை.

அம்மாவும் அந்த நாட்களில் என்னைத் தொட்டதில்லை. இதைச் சொல்வதால் அவள்மேல் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்து அந்தக் கூலியில் எங்களுக்குச் சோறு பொங்கினாள், என் காலில் செருப்பு கிடக்கிறதா என்று நூறு தடவை எட்டிப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குள் என்னைத் தொடுகிற ஆளே அப்போது இல்லை என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், சட்டையில் சகதி பட்டிருந்தது என்று அவளே அதைக் கழற்ற வந்தாள். தலைவழியாக உருவினாள். பொரிந்தது, நீலமாய் ஓடியது. அவள் கை என் காதோரத்தில் பட்டபோது "டக்" என்று சுண்டியது. கையை உதறிவிட்டு விலகுவாள் என்று நினைத்தேன். அவள் விலகவில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் அப்படியே நின்றாள். பிறகு ரொம்ப மெதுவாக, "ஒங்க அப்பாதாம்லே" என்றாள்.

அதிலிருந்து தினமும் அது நடந்தது. அந்த நேரமானால், விளக்கை ஏற்றுவதற்கு முன்னால், அவள் என்னைக் கூப்பிடுவாள். வாசலிலிருந்து அடுப்படிவரை ஒருதரம் நடந்துவரச் சொல்வாள், சட்டையை உருவுவாள், ஒரே ஒரு விரலால் என் காதோரத்தைத் தொடுவாள். சுண்டியதும் பேசுவாள். அன்றைக்கு எவ்வளவு நூல் சுற்றினாள், பேச்சி அத்தை என்ன சொன்னார், கூரையில் எந்த ஓடு உடைந்தது என்றெல்லாம், நடந்து முடிந்த பகலை யாரோ வேலையிலிருந்து வந்தவரிடம் சொல்கிறமாதிரி சொல்வாள். நான் நடுவில் நிற்பேன். அந்த ஒரு விரலுக்காகப் பகல் முழுக்கக் காத்திருப்பேன், அது வந்ததும் அது எனக்கு வந்ததில்லை என்று தெரிந்துகொள்வேன். உள்ளே இருக்கிறவருக்காகக் கதவைத் தட்டினால் கதவுக்கு என்ன கிடைக்கும், அது மாதிரி.

இது இப்படி இருக்க, ஒருநாள் செருப்பின் வார் அறுந்தது. தைத்து வாங்குகிறவரைக்கும் நான் அம்மாவுக்குத் தெரியாமல் வெறுங்காலோடு பேச்சி அத்தை வீட்டுப் பின்பக்கம் போனேன். அங்கே அவருடைய ஆடு கட்டிக் கிடக்கும். அந்த ஆட்டிடம் நான் ஏற்கெனவே ஒருதரம் வாங்கிக் கட்டியிருந்தேன், அதாவது நான் தொட்டதும் மூக்கில் சுண்டி அது என்னை முட்டியிருந்தது. அன்றைக்குச் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். ஆடு பயந்துகொண்டே மோந்து பார்த்தது. ஒன்றும் சுண்டவில்லை. கையில் என்ன உப்பு இருந்ததோ, நக்க ஆரம்பித்தது. சொரசொரவென்று அந்த நாக்கு உள்ளங்கையில் ஓடியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் தைத்த செருப்போடு போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன், ஆடு துள்ளியது. செருப்பைக் கழற்றி மண்ணில் காலை ஊன்றிவிட்டுத் தொட்டேன், வந்து நக்கியது. மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன், ஆட்டுக்குத்தான் பாவம். கடைசியில் எனக்குப் புரிந்தது. சட்டை உரசுவதில் என்னமோ ஒன்று என் மேல் சேருகிறது. வெறுங்கால் மண்ணில் இருந்தால் அது வந்த வழியே தெரியாமல் கீழே இறங்கிப் போய்விடுகிறது. காலுக்கும் மண்ணுக்கும் நடுவில் ரப்பர் இருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை, என் மேலேயே நின்றுகொண்டு, மண்ணில் கால் ஊன்றிய யாராவது தொடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மா வெறுங்காலோடு நின்றதால்தான் என்னிடமிருந்து அவளுக்குப் போனது.

இதையெல்லாம் இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்கே காரணம் மாடி வீட்டுப் பெண்பிள்ளை. சாயந்தரமானால் சத்தம் போட்டுப் பாடம் படிக்கும். உரசுவதால் பிறந்து ஒரே இடத்தில் நிற்பது நிலை மின்சாரம், கம்பி வழியாக ஓடிக்கொண்டே இருப்பது மின்னோட்டம் என்று நேற்று திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டிருந்தது. ரப்பர் கடத்தாது, ஈரம் கடத்தும் என்றது. நான் கீழே கஞ்சியை ஆறவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவைக் கொண்டுபோனது ஓடுகிறது, என் மேல் இருந்தது நிற்கிறது. ஓடுகிறது அவருக்குள் புகுந்து ஈரத்தரைக்குப் போக வழி கண்டுபிடித்துக்கொண்டது, அதைத் தடுக்கத்தான் அம்மா செருப்பு வாங்கினாள். அந்தச் செருப்புத்தான் நிற்கிறதை என் மேல் நிறுத்திவைத்தது. ஒன்றுக்குப் பூட்டிய கதவு இன்னொன்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. பாடத்தில் இது வராது, அந்தப் பிள்ளைக்கு அது தேவையும் இல்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: செருப்பைக் கழற்றிவிட்டால் கோமதிநாயகம் என் தோளில் கை போடுவான். செருப்பைக் கழற்றிவிட்டால் அம்மாவின் விரல் வராது.

இதற்கு நடுவில் பேச்சி அத்தையும் தெருவில் இரண்டு பெண்களும் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்து முன்னால் அந்த மணல் இன்னும் கிடக்கிறது, அதில் பயலைக் கழுத்துவரை வைத்துத் தண்ணீர் ஊற்றினால் இருக்கிறது இறங்கிவிடும், பிள்ளை பழையபடி ஓடி விளையாடுவான் என்று பக்குவமாகத்தான் சொன்னார்கள். அந்த மணல் என்று காதில் விழுந்ததும் எனக்கு அப்பாவின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது ஞாபகம் வந்து, நான் உரலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா ராட்டையை நிறுத்தினாள்.

"எறக்க வேண்டாம். நிக்கட்டும்."

"பச்சப்புள்ள மேல நிக்குது, மதினி."

"நிக்கட்டும்ங்கேன்."

வந்தவர்களுக்கு அது புரியவில்லை. போகும்போது ஒருத்தி, செத்தவனை விடமாட்டாமல், உயிரோடு இருக்கிறவனைக் கட்டிப்போடுகிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். ராட்டை மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. மணலிலிருந்து தப்பித்தேன் என்று எனக்கு ஒரு நிம்மதி. அது அடங்கின பிறகுதான் அவள் சொன்னது உள்ளே இறங்கியது. அவளுக்கு வேண்டியது என் மேல் நிற்கிறது, நான் இல்லை.

அன்றைக்குச் சாயந்தரம் நான் ஒரு காரியம் செய்தேன். பிள்ளைகள் செய்கிற காரியம்தான், வேறு வழியில்லாததால் செய்தேன். அவள் கூப்பிட்ட நேரத்தில், சத்தம் கேட்காமல் செருப்பைக் கழற்றி வாசல் கதவோரம் விட்டுவிட்டு, சாணி மெழுகிய தரையில் வெறுங்காலோடு அவள் முன்னால் போய் நின்றேன். அந்த இருட்டில் என் கால் அவளுக்குத் தெரியாது. ஒன்றும் சுண்டாவிட்டால் அவள் விரல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சட்டையை உருவினாள். அது வழக்கம்போல் பொரிந்தது. விரலைக் காதோரம் வைத்தாள். ஒன்றும் இல்லை. விரலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். கழுத்தில் வைத்தாள், தோளில் வைத்தாள். அவள் மூச்சு மட்டும் கேட்டது. நான் தரையில் காலை அழுத்திக்கொண்டு நின்றேன், இனி கையை எடுத்துவிடுவாள், எடுத்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அவள் சட்டென்று குனிந்தாள். இருட்டில் தடவித் தடவி என் முழங்காலையும் கணுக்காலையும் தாண்டிப் பாதத்தைத் தொட்டாள்.

"செருப்பு எங்கலே?"

நான் பதில் சொல்வதற்குள் என்னைத் தூக்கிவிட்டாள். தூக்குகிற வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன். அவள் ஒல்லி, நான் கனம். தடுமாறிச் சுவரில் முட்டிக்கொண்டு, என்னை மடியில் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் என் கால் தரையில் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு பாதத்தையும் தன் உள்ளங்கைகளில் ஏந்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கப்பாவைத் தரையிலதான்லே வாங்குச்சு. நீயும் போயிட்டேன்னா நான் யாருக்குலே சோறு பொங்குவேன்?"

ஃப்யூஸைப் பிடுங்கி மாதங்கள் ஆகியிருந்தன. அந்தத் தரையில் பயப்பட ஒன்றுமே இல்லை. எனக்கு அது தெரியும், நிதானமாக யோசித்திருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. அவள் மேலும் கீழுமாக என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், ஏறியிருந்தால் எடுத்துவிடுகிறமாதிரி. அன்றைக்கு அவள் அப்பாவோடு பேசவே இல்லை. விளக்கு ஏற்றவும் மறந்துவிட்டது. தெருவில் மற்ற வீட்டு வெளிச்சம் கதவிடுக்கு வழியாக ஒரு கோடு மாதிரி உள்ளே விழுந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் மடியில் தூங்கிப்போனேன்.

மறுநாள் நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு அந்தப் பருவம் முழுக்க ஒருதரம்கூடக் கழற்றவில்லை. தெருவில் என் பெயர் கரண்டாகவே இருந்தது, ஓடிப்பிடித்தில் நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். சாயந்தரம் அவள் விரல் வந்தது, சுண்டியது, அவள் அப்பாவிடம் பகலைச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு மட்டும் அந்த விரல் உடனே போகாமல், கொஞ்ச நேரம் என் காதோரத்திலேயே இருந்துவிட்டுப் போனது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு.

ஐப்பசியில் மழை பிடித்தது. சுவரெல்லாம் ஓதம் ஏறி, உப்பு நீர்த்து, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஈரக் காற்றில் எதுவும் நிற்காது என்று மாடி வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் இப்போது காரணம் தெரியும். அப்போது அம்மா பல சாயந்தரங்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முதலில் குனிந்து என் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். செருப்பு இருந்தது, இருந்தும் ஒன்றும் வரவில்லை. ஒருநாள், "எறங்கிட்டாரு" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. பச்சைச் சட்டையைத் துவைத்து, மடித்து, பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அடுத்த வாரம் ஞானமுத்து வந்து ஃப்யூஸைப் போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குள் வெளிச்சம் வந்தபோது இரண்டு பேருமே கண் கூச ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்கு அவள் மெலிந்திருந்ததாகத் தெரிந்தது, அவளுக்கு நான் வளர்ந்திருந்ததாகத் தெரிந்திருக்கும்.

மழை விட்ட ஒரு சாயந்தரம் கோமதிநாயகம் தெருச் சகதியில் என்னைத் துரத்திவந்து, தயங்கி, பிறகு முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். "கரண்டு அவுட்டுலே" என்று கத்தினான். நான் போய்ச் சுவரோரம் மற்றவர்களோடு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் ஈரத்தோள்கள்.

சட்டை பெட்டிக்குள் போன பிறகு அம்மா என்னைத் தொடுவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைத்தாள், கல்யாணத்தில் திருநீறு பூசிவிட்டாள், அவ்வளவுதான். என்னைத் தறிக்கூடத்துப் பக்கம் மட்டும் கடைசிவரை விடவில்லை. நான் பூ மார்க்கெட்டில் பிச்சி மூட்டை இறக்கிப் பிழைத்தேன். அவள் போய் ரொம்ப காலம் ஆகிறது.

இப்போது அந்தக் கூடம் இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை இருக்கிறது. எந்த வீட்டுக்கும் ஃப்யூஸ் பிடுங்குகிற பேச்சில்லை. யாரையாவது கரண்டு தொட்டால், அந்த ஆளுக்கு உறைக்கும் முன்பே தானாக விழுந்து நிறுத்துகிற சுவிட்சை மாட்டிவிடுகிறார்கள். என் மகன் வந்திருந்தபோது இந்த வீட்டுக்கும் மாட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போனான். கோமதிநாயகம் போன வருஷம் போய்விட்டான். வீட்டுக்காரி அதற்கு முன்பே. மகன் தினமும் போனில் பேசுகிறான், முகம்கூடத் தெரிகிறது. அது ஓடுகிற மின்சாரம், எவ்வளவு தூரம் என்றாலும் வந்துவிடுகிறது. காற்றுக்காலத்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தால் இன்றைக்கும் கையில் முடி எழுந்து நிற்கும். யாரைத் தொட்டுப் பார்க்க?

மாதம் பிறந்தால் சவரக்கடைக்குப் போகிறேன். கடைக்காரப் பையன் நல்லவன். இரண்டு விரலால் என் நாடியைப் பிடித்துத் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புவான், காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக வழிப்பான். வேலை முடிந்ததும், "முடிஞ்சுட்டு தாத்தா, எந்திரிங்க" என்பான். நான் கண்ணைத் திறக்க மாட்டேன். இரண்டாம் தடவை சொல்வான், அப்போதும் திறக்க மாட்டேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்துத் தோளில் கை வைத்து எழுப்புவான். அதற்குப் பிறகுதான் எழுந்திருப்பேன்.